ஆடியில் பிரிக்கக் கூடாத கியர்ப்பெட்டி

மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டியை எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் ஒரே பேச்சில் சொல்லிவிடுவேன். மிதி தரைப் பலகையைத் தொட்டால் அன்றைக்கே பிரிக்க வேண்டும். நாள் பார்க்காதே, நட்சத்திரம் பார்க்காதே, மாசம் பார்க்காதே. இதைச் சொல்ல நான் மெக்கானிக் இல்லை. மூன்று கல் கூட்டிச் சோறாக்கினவள். ஆனாலும் சொல்வேன். எங்கள் குடித்தனத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான். பெட்டியைக் குறை சொல்லி என்ன, அதைப் பிரிக்கவிடாத மனிதரைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ஆவடி ஸ்டேஷனுக்கும் பூந்தமல்லிக்கும் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் என்றால் இப்போது உங்கள் மனசில் வருகிற பஸ் இல்லை. அமெரிக்காவில் செய்த பழைய கார் ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை அறுத்தெறிந்து, மரக் கூண்டு கட்டி, பெஞ்சிப் பலகை போட்டது. வெள்ளானூரில் ஏரிப் பாசனத்து நிலத்தில் பாதியை வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு அது சொந்தம். எங்கள் சேரியில் அவரை ஆண்டை என்போம். நேரில் கூப்பிடும்போது 'ஆண்டே'. அந்த பஸ்ஸை ஓட்டியது என் வீட்டுக்காரர்.

என் மாமனார் ஆண்டை வீட்டில் படியாள். விடிவதற்கு முன்னால் போய் மாட்டை அவிழ்த்து, ஏர் பூட்டி, இருட்டியபின் திரும்பி வருகிற வாழ்க்கை. கொடுக்கிற நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். அவர் அப்பாவும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் மட்டும் பட்டணத்துக்கு ஓடிப்போய் ஒரு துரை வீட்டு மோட்டார் கொட்டகையில் வண்டி கழுவி, அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை வில்லையுமாகத் திரும்பி வந்தார். எங்கள் சேரியில் அப்படி ஒன்றை யாரும் அதுவரை கண்டதில்லை. என் மாமனார் அந்த வில்லையை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகுதான் எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆனது. அந்த வில்லை இருக்கும்வரை அவர் டிரைவர். போய்விட்டால் மறுநாளே ஆண்டையின் ஏரைப் பிடிக்க வேண்டும். எங்கள் குடிசை நின்றது ஆண்டைக்குச் சொந்தமான தரிசு மேட்டில். வேறு போக்கிடம் கிடையாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

அந்த வண்டியில் கையால் கியர் போடுகிற வேலை கிடையாது. தரையில் மூன்று மிதி. இடது மிதியை அழுத்திப் பிடித்தால் மேடு ஏறுகிற கியர். காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக வேக கியருக்குப் போய்விடும். நடு மிதி பின்னால் போவதற்கு. வலது மிதி பிரேக். மூன்றுக்கும் பெட்டிக்குள்ளே மூன்று உருளை. ஒவ்வொரு உருளையையும் சுற்றி இரும்புப் பட்டை, பட்டையின் உள்பக்கம் பருத்தி நாடா. கட்டிலுக்குப் போடுவோமே, அதே மாதிரி கெட்டி நாடாதான். மிதியை அழுத்தினால் பட்டை இறுகி, நாடா உருளையைப் பிடிக்கும். எல்லாம் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். ஓட ஓட நாடா தேயும், பஞ்சு பஞ்சாக உதிர்ந்து எண்ணெயில் கலக்கும். அதனால் எண்ணெயை அப்போதைக்கப்போது மாற்ற வேண்டும். வண்டி ஓடி வந்து சூடாக இருக்கும்போதே அடி மூடியைக் கழற்றி, கறுப்பெண்ணெயை முழுக்க வடித்து, புது எண்ணெய் விட வேண்டும். ஆறிப்போனால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். அளவு பார்க்க வண்டிக்கு அடியில் மேலும் கீழுமாக இரண்டு குட்டிக் குழாய் இருக்கும். கீழ்க் குழாயைத் திறந்து எண்ணெய் வரவில்லை என்றால் வண்டியை நகர்த்தவே கூடாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரருக்கு வேறு பேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில் ஆசையாக ஏதாவது பேசுவார் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தால், நாடா எப்படித் தேயும் என்று சொல்ல ஆரம்பிப்பார். முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு எனக்கும் அது பிடித்துப்போனது.

மிதி இறங்க ஆரம்பித்தது சித்திரையில். இடது மிதியைச் சரி செய்யப் பெட்டிக்கு வெளியே ஒரு திருகு உண்டு. அதை முடுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். அவரும் முடுக்கி முடுக்கிப் பார்த்தார். திருகு கடைசிக்கு வந்துவிட்டது. இனி பெட்டியைப் பிரித்துப் புது நாடா அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆண்டையிடம் போய்ச் சொன்னார். ஆண்டையும் முகம் கோணாமல் பட்டணத்திலிருந்து புது நாடா வாங்கிவரச் செய்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த வண்டிமேல் அவருக்குக் கொள்ளை ஆசை. தன் மேல்துண்டாலேயே விளக்குக் கண்ணாடியைத் துடைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். நாடாவை வாங்கித் தந்துவிட்டு, "கொஞ்சம் பொறுடா, வைகாசி வருது. கல்யாண சவாரியெல்லாம் ஒத்துக்கினு கீறேன். அது முடியட்டும்" என்றார்.

புது நாடாவை அடிப்பதற்கு முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஒரு மண்சட்டியில் எண்ணெய் விட்டு, நாடாவைச் சுருட்டிப் போட்டு, எங்கள் குடிசை மூலையில் வைத்தார். வைகாசி போனது. ஆனியிலும் முகூர்த்தம். அதுவும் போனது. சட்டியில் நாடா ஊறிக்கொண்டே இருந்தது. நான் அதன்மேல் தட்டு போட்டு மூடி, எலி வராமல் காவல் காத்தேன். ஒரு முழ நாடாவுக்குக் காவல், என் தலையெழுத்து!

ஆனி கடைசி நாளில் என் வீட்டுக்காரர் மறுபடியும் போய் நின்றார். நானும் களம் பெருக்கப் போயிருந்ததால் என் காதாலேயே கேட்டேன்.

"ஆண்டே, கல்யாணம் எல்லாம் முடிஞ்சிபோச்சி. நாளிக்கு வண்டியை நிறுத்திப் பெட்டியைப் பிரிச்சிடறேன்."

"நாளிக்கு இன்னாடா தேதி?"

"ஆடி ஒண்ணு, ஆண்டே."

"அட பாவி, ஆடியிலே போய் பிரிக்கிறேன்றியே! கட்டினதைப் பிரிக்கிறது ஆடியிலே ஆவாது. ஆயுத பூஜையிலே சந்தனம் குங்குமம் வச்சி மூடின பெட்டிடா அது. ஆவணி பொறக்கட்டும், நல்ல நாளு பாத்து நானே தேங்கா ஒடைக்கிறேன்."

"மிதி பலகையைத் தொடுது, ஆண்டே. மேடு ஏற மாட்டேங்குது."

"எண்ணெ பத்தலை, அதான். எங்க அப்பன் காலத்துலேர்ந்து வண்டி அச்சுக்கு வெளக்கெண்ணெதான் ஊத்தறோம். ஒரு அச்சு தேஞ்சிருக்குதா? ஊத்துடா, எல்லாம் வழுவழுன்னு ஓடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மாட்டுவண்டிக் கொட்டகையில் மூங்கில் குழாயில் தொங்கிக்கொண்டிருந்த விளக்கெண்ணெயைத் தானே எடுத்துவந்து, எண்ணெய் விடும் வாயில் கவிழ்த்தார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டித் தடுக்கப் போனார். தொடக் கூடாதே ஆண்டையை! நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார். அன்றுமுதல் தினமும் காலையில் ஆண்டை வந்து ஒரு குழாய் விளக்கெண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் பல் விளக்கப் போவார். குழந்தைக்குப் பாலூட்டுகிற மாதிரி அத்தனை பிரியமாக ஊற்றுவார். கேட்கிறேன், அச்சு என்பது உருள வேண்டியது, வழுக்கினால் நல்லது. நாடா என்பது பிடிக்க வேண்டியது, அது வழுக்கினால் என்ன ஆகும்? சட்டியில் குழம்பு வைக்கத் தெரிந்த எனக்குப் புரிகிறது. அவ்வளவு நிலத்தை ஆளுகிறவருக்குப் புரியவில்லை.

அந்த ஆடி மாசம் ஆவடிப் பக்கத்து ஜனங்களுக்கு நல்ல வேடிக்கை. பருத்திப்பட்டு ஏரிக்கரை மேட்டில் பஸ் முன்பக்கமாக ஏறாது. மேடு ஏறுகிற கியரின் நாடா போய்விட்டதால், பின்னால் போகிற கியரில் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றுவார் என் வீட்டுக்காரர். அந்த நாடா அதிகம் தேயாதது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவர் ஓட்ட, உள்ளே இருப்பவர்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே மேலே போவார்கள். கரையில் துணி துவைக்கிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். "இன்னா அண்ணாத்தே, பஸ்ஸு கோச்சிக்கினு பொறந்த ஊட்டுக்குப் போவுதா?" என்று கத்துவார்கள். அவரும் சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

நான் விடுவேனா? சண்டை பிடித்தேன்.

"யோவ், ஓட்ட மாட்டேன்னு சொல்ல வாயி இல்ல உனுக்கு? புளியங்கொட்டை போட்டு அடச்சி வச்சிருக்குதா?"

"சொல்லாம கீறேனாமே? சொன்னேன். ஓட்டலைன்னா வில்லையைக் கழட்டி வச்சிட்டு ஏரு புடின்றாரு. இல்லாங்காட்டி மேட்டைக் காலி பண்ணுன்றாரு."

"அவரு வில்லையா அது? சர்க்காரு குடுத்தது."

"மேடு அவருதுமே."

பின் கியரின் நாடாவும் தினமும் மேடு ஏறி ஏறித் தேய்ந்துகொண்டிருந்தது. பிரேக்கும் அதே பெட்டிக்குள்ளே, அதே விளக்கெண்ணெய்க்குள்ளே. வண்டி நின்றால் பூஜை அறையில் அகல் அணைந்த மாதிரி வாடை வரும். என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைத்தால் அந்த வாடை தண்ணீரோடு போகாது, பிசின் மாதிரி கையில் ஒட்டும்.

ஆடி வெள்ளிக்கிழமை. திருவேற்காட்டு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கூட்டம். வாரம் முழுக்கக் காணாத ஜனம் அன்று பஸ்ஸில். பெஞ்சியில் இடமில்லாமல் படியிலும் கூரையிலும் தொற்றிக்கொண்டு போனார்கள். நானும் போயிருந்தேன். திரும்பி வரும்போது கடைசிப் பலகை ஓரத்தில் எனக்கு இடம். டிரைவர் பெண்டாட்டியாக இருந்தால் என்ன, சேரிக்காரிக்கு அதுதான் இடம். அவர் தொட்ட சக்கரத்தில் போவதற்கு மட்டும் யாருக்கும் தீட்டில்லை.

பருத்திப்பட்டு மேடு வந்தது. வழக்கம்போல வண்டியைத் திருப்பினார். பாதி மேடு ஏறியது. ஏறும்போதே 'கர்ர்' என்று ஒரு நடுக்கம், பெஞ்சி எல்லாம் உதறியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. இஞ்சின் மட்டும் கதறுகிறது, வண்டி நகரவில்லை. ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது.

அவர் பிரேக்கை மிதித்தது எனக்குத் தெரியும். பலகையில் மிதி 'டொக்' என்று மோதிய சத்தம் கடைசிப் பலகைவரைக் கேட்டது. கைப்பிரேக்கை இழுத்தார். அத்தனை பாரத்துக்கு அது எம்மாத்திரம்? ஒரு பக்கம் நிறைந்த ஏரி. இன்னொரு பக்கம் உழுது தண்ணீர் கட்டிய கழனி. "கெட்டியா புட்ச்சிக்கோங்க, கழனியிலே வுடறேன்!" என்று கத்திக்கொண்டே சக்கரத்தை ஒடித்தார். பஸ் கரையிலிருந்து சரிந்து, ஒரு சக்கரம் வரப்பில் ஏறி, சேற்றில் சாய்ந்து உட்கார்ந்தது. அவர் மட்டும் கையைத் தளர்த்தியிருந்தால் அத்தனை பேரும் ஏரியில். அம்மன்தான் காப்பாற்றினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மன் காப்பாற்றினாள், சரி. சக்கரத்தைத் திருப்பியது யார் என்று ஒருவராவது கேட்கவில்லை.

யாரும் சாகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரைக்காரம்மாவுக்குத்தான் கை முறிந்தது. ஒரு கையில் கூடையைத் தூக்கித் தலையில் வைக்க முடியுமா? அதன்பின் அவள் கீரை விற்கவே இல்லை. அதையும் யார் தலையில் எழுதினார்கள் என்று கேளுங்கள். டிரைவர் தலையில்.

பஸ்ஸை மாடு பூட்டி இழுத்து வெள்ளானூரில் ஆண்டையின் மாட்டுவண்டிக் கொட்டகையில் போட்டார்கள். பூந்தமல்லியிலிருந்து போலீஸ்காரர் வந்தார். ஆண்டை அவரிடம், "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டறான் சார். ரிவர்ஸ்ல மேடு ஏத்தறான்னா பாத்துக்கோங்க. ஊரே சிரிச்சிது" என்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையில் சேறு காயவில்லை. அவர் நெஞ்சிலிருந்த வில்லையைக் கழற்றி, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு, மோட்டார் பரிசோதிக்கிற சார்ஜென்ட் நாளைக்கு வருவார், அவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார் போலீஸ்காரர். போனதும் ஆண்டை என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மேலண்டைக் கழனியிலே ஏரு பூட்டி சேடை ஓட்டணும். காலீல வந்துடு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு ஒரு படியாள் திரும்பிக் கிடைத்தான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் ஏர் பிடிக்கப் போகவில்லை. கொட்டகை வாசலில் போய்க் குந்திக்கொண்டார். நானும் போனேன். சார்ஜென்ட் வந்தார். வெள்ளைக்காரர், சிவந்த முகம், மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கூடவே ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள், அவர் சொல்வதை இவர் எங்களுக்குச் சொல்வார். சார்ஜென்ட் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்து மூன்று மிதியையும் அழுத்திப் பார்த்தார். மூன்றும் பலகையைத் தொட்டன. தரைப் பலகையைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, பெட்டி மூடியைக் கழற்றச் சொன்னார்.

ஆண்டைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தொரே, ஆடி மாசம். பிரிக்கிறது ஆவாது. ஆவணியிலே நானே பிரிச்சிக் காட்டறேன்."

கான்ஸ்டபிள் அதை எப்படி இங்கிலீஷில் சொன்னாரோ, சார்ஜென்ட் ஆண்டையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துத் தானே போல்ட்டைத் திருக ஆரம்பித்தார்.

மூடி திறந்தது. அந்த வாடை கொட்டகை முழுக்கப் பரவியது. வாசலில் நின்ற கூட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வண்டி ஓட்டுகிறவன், மாடு மேய்க்கிறவன், பிள்ளை பெற்றவள், எல்லோருக்கும் தெரிந்த வாடை. சார்ஜென்ட் கையை விட்டு எடுத்தார். கறுப்பாக, பாகு மாதிரி, பஞ்சுத் திரியும் பிசினுமாக முழங்கைவரை வழிந்தது. பட்டையில் நாடாவே இல்லை, இரும்பு மட்டும் பளபளவென்று தெரிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கான்ஸ்டபிள் கேட்டார்:

"வெளக்கெண்ணெ ஊத்தினது யாரு?"

ஆண்டை தலைக்கு மேலேதான் அந்த மூங்கில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்டை கூசாமல் சொன்னார்: "டிரைவர்தான் ஊத்தியிருப்பான். அவன் பொறுப்புதானே?"

என் வீட்டுக்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அப்போது சார்ஜென்ட் கேட்டதைக் கான்ஸ்டபிள் எங்களுக்குச் சொன்னார். அதைக் கேட்டு எனக்குத் தலைக்கு ஏறியது.

"பெட்டி இந்த நெலைமையிலே கீதுன்னு உனுக்குத் தெரியுமா தெரியாதா? தெரிஞ்சா எதுக்குடா ஓட்டினே?"

எப்படி இருக்கிறது பாருங்கள்! பிரிக்கவிடாதவரை விட்டுவிட்டு, பிரிக்கிறேன் பிரிக்கிறேன் என்று வாசலில் நின்றவனைக் கேட்கிறார்கள், ஏன் ஓட்டினாய் என்று. நான் வீட்டுக்கு ஓடினேன். மூலையில் இருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் சார்ஜென்ட் காலடியில் வைத்துத் தட்டை எடுத்தேன்.

"பாருங்க சாமி. புது நாடா. சித்திரையிலேர்ந்து ஊறிக்கினு கீது. என் ஊட்டுக்காரரு பிரிக்கிறேன்னு காலுல வுழாத கொறையா கேட்டாரு. வைகாசின்னாங்க, ஆனின்னாங்க, ஆடியிலே ஆவாதுன்னாங்க. வெளக்கெண்ணெ ஊத்தினது தோ, இவரு கையி. ஓட்ட மாட்டேன்னா ஊட்டைக் காலி பண்ணுன்னாரு. அப்பறம் ஏன் ஓட்டினேன்னு இவரைக் கேக்கறீங்களே, இன்னா நாயம் இது?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆண்டை எதிரில் நிமிர்ந்து பேசிய பெண்பிள்ளை எங்கள் சேரியில் யாரும் இல்லை. கான்ஸ்டபிள் கொஞ்சம் தயங்கி, எல்லாவற்றையும் சொன்னார். சார்ஜென்ட் சட்டிக்குள் கையை விட்டு நாடாவை எடுத்து இழுத்துப் பார்த்தார். ஊறி ஊறிக் கனத்திருந்தது, ஒரு நூல் பிரியாத புது நாடா. மேலே தொங்கிய மூங்கில் குழாயையும் அண்ணாந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, போலீஸ்காரர் ஒப்படைத்திருந்த லைசென்ஸையும் வில்லையையும் பையிலிருந்து எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். பெட்டியைச் சரி செய்து தான் வந்து பார்க்கும்வரை பஸ் ஓடக் கூடாது என்று ஆண்டைக்குச் சொல்லச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஆண்டைக்கு ஒரு கடுஞ்சொல் கிடையாது. கீரைக்காரம்மாவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதையும் நான் மறக்கவில்லை.

வில்லையை வாங்கி என் வீட்டுக்காரர் சட்டையில் நான்தான் குத்திவிட்டேன்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஆண்டை வாயைத் திறந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"வில்லை கெடச்சிடுச்சி இல்ல? சந்தோசம். இன்னிக்கே குடிசையைப் பிரிச்சிக்கினு மேட்டை வுட்டுப் போயிடு."

நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆடி மாசமாச்சே ஆண்டே. ஆடியிலே குடி பெயரக் கூடாதே. கட்டினதைப் பிரிக்கிறது ஆவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திறந்துகிடந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எங்களுக்குடீ. உங்களுக்கு இன்னா ஆடி, ஆவணி?"

கேட்டீர்களா? ஒரு இரும்புப் பெட்டிக்கு ஆடி உண்டு. அதற்கு நல்ல நாள் உண்டு, தேங்காய் உண்டு, சந்தனம் உண்டு. ரத்தமும் சதையுமான எங்களுக்குக் கிடையாது. அதற்குப் பதில் சொல்லும் பேச்சு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குடிசையைப் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. மாமனார் கயிறுகளை அறுத்தார். இந்த வயசில் தனக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அவர் ஆண்டை கொட்டகையிலேயே தங்கிவிட்டார். கூரை ஓலையைக் கட்டாகக் கட்டி என் தலையில் ஏற்றினார். மூங்கிலை என் வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டார். பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ரோட்டு ஓரமாக லாரி நிறுத்துகிற இடத்தில் வேலை கேட்கலாம் என்று பேச்சு. அங்கேதான் இன்றும் இருக்கிறோம்.

போகிற வழி ஆண்டையின் கொட்டகையைத் தாண்டித்தான். நாடாச் சட்டி என் இடுப்பில் இருந்தது. அது அவர் வாங்கித் தந்த பொருள், எங்களுக்கு வேண்டாம். கொட்டகை வாசலில் இறக்கி வைத்தேன். உள்ளே ஆட்கள் பெட்டியின்மேல் மஞ்சள் துணியைப் போர்த்தி, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் ஆடியில் திறந்துவிட்டார்களே, அதற்குப் பரிகாரம். அப்போது தூறல் விழ ஆரம்பித்தது. கூரை ஓலை என் தலையில் இருந்ததால் நான் நனையவில்லை. முன்னால் போன என் வீட்டுக்காரர் வில்லையைக் கையால் பொத்திக்கொண்டார்.

பின்னால் ஆண்டையின் குரல் கேட்டது. எங்களைக் கூப்பிடுகிறாரோ என்று ஒரு நொடி நின்றோம்.

"டேய், தண்ணி ஒழுவுதுடா. பொட்டி நனையப் போவுது. இன்னொரு துணி எடுத்தாங்கடா, சீக்கிரம்!"

நாங்கள் நடந்தோம்.